ஓரம் வெட்டிய படம்

தங்கமுத்துவுக்கு ஆறு வருடமாக ஒரு ஆத்திரம் இருக்கிறது. கொடைக்கானல் டிரைவர்கள் நூற்று நாற்பது பேர் இருக்கிற வாட்சப் குரூப்பில் அவன் போட்ட ஒரு படத்தை எவனோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். எவன் என்று இன்றுவரை தெரியாது. ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது எதிரே நிற்கிறவன் சிரித்தால் இவனாக இருக்குமோ என்று தோன்றும். அந்தச் சந்தேகத்திலேயே நாலு பேரோடு பேச்சை விட்டான். அதில் ஒருவன் செத்தும் போனான். மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்த பிறகு, ஒருவேளை அவன் இல்லையோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

படத்தில் நிற்கிறவர் ஞானவேல். செண்பகனூரில் வீடு. தங்கமுத்துவைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அண்ணன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலும் அஞ்சாம் வகுப்பில் பாதி நாள் லாரி ஷெட்டில்தான் கிடந்தார் என்று அவர் மனைவி சண்முகசுந்தரி சொல்லும். கிளீனராக ஏறி, காய்கறி வேன் ஓட்டி, கடைசியில் கடன் போட்டுச் சொந்தமாக ஜீப் எடுத்தார். மலை ரோட்டில் மொத்தம் இருபத்தாறு வருடம்.

வண்டி ஓட்டுவதில் அவர் பெரிய சூரர் என்று சொல்ல முடியாது. அவரைவிட வேகமாக இறங்குகிறவன் பத்துப் பேர் உண்டு. ஆனால் அவர் சீட்டுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை எப்போதும் இருக்கும். ஏற்றத்தில் எவன் வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டாலும், தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தக் கட்டையோடு ஓடுவார். தெரிந்தவன் தெரியாதவன் கணக்கெல்லாம் இல்லை. அதேபோல ரோடே இல்லாத வெள்ளகவி கிராமத்திலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவருகிற ஆட்கள் ஒற்றையடிப் பாதை முடிகிற இடத்தில் ரோட்டுக்கு வந்து நின்றால், முதல் போன் ஞானவேலுக்குத்தான் போகும். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். "வாடகை எவ்வளவுண்ணே" என்று கேட்டால், "இத்தன தூரம் தூக்கிட்டு வந்த உனக்கு நான் என்ன வாடகை தர்றது?" என்று திருப்பிக் கேட்பார்.

அந்த முட்டுக்கட்டைதான் அவரைச் சாய்த்தது. 2016-இல் ஒரு மழை நாள். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வெளியூர் டூரிஸ்ட் வேன் ஒன்று பின்னால் வழுக்கியது. கட்டையோடு ஓடினார். கட்டை சக்கரத்துக்கு அடியில் போனது. கூடவே அவருடைய இடது காலும் போனது. வேனில் இருந்த பதினோரு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. ஞானவேலின் காலை டாக்டர்கள் எடுக்கவில்லை, தைத்து ஒட்டவைத்துவிட்டார்கள். ஆனால் நரம்பு செத்துவிட்டது. கால் இருக்கிறது, பாதம் தூக்காது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் மாட்டினால்தான், அதுவும் கம்பு ஊன்றினால்தான், நாலு எட்டு நடக்கலாம்.

இடது கால் என்றால் கிளட்ச் மிதிக்கிற கால். டிரைவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஜீப்புக்குக் கடன் வாங்கியபோது ஒரு பாலிசியும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். முப்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ். அதை யாரும் படிக்கவில்லை. ஆனால் பணம் வந்தது. இரண்டு வருடம் ஒழுங்காக வந்தது. வீடு ஓடியது, ஒரே மகளின் படிப்பு ஓடியது. அப்புறம் பணத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது: நீங்கள் வேறு வேலை செய்யத் தகுதியுள்ளவர், ஆகவே நிறுத்துகிறோம்.

தங்கமுத்து ஞானவேலைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டில் ஜெயப்பிரியா என்ற வக்கீலம்மாவிடம் போனான். அந்த அம்மா முப்பது பக்கத்தையும் புரட்டி ஒரு இடத்தில் பேனாவை வைத்தது.

"இங்க பாருங்கண்ணே. மொத ரெண்டு வருஷம் 'உங்க வேலைய' செய்ய முடியலைன்னா போதும். அதுக்கு மேல 'படிப்பு, பயிற்சி, அனுபவம் இதுக்குத் தகுந்த எந்த வேலையும்' செய்ய முடியலைன்னு காட்டணும். கம்பெனி இப்ப ரெண்டாவது வரிக்கு வந்துட்டாங்க."

தங்கமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. "காலு அதே காலுதான? ரெண்டு வருஷம் கழிச்சு மட்டும் எப்படி வேற கேசாகும்?"

"கால் கேசு முடிஞ்சுபோச்சுண்ணே. இது ஆள் கேசு. இந்த ஆளு யாரு, என்ன படிச்சாரு, என்ன தெரியும், என்ன தெரியாது. அதத்தான் பாப்பாங்க. இவரு சின்ன வயசுலருந்து செஞ்சதெல்லாம் எழுதிக் குடுங்க."

இது தங்கமுத்துவின் மனதில் ஒட்டிக்கொண்டது. கோர்ட் என்றால் கத்தி, ரத்தம், சாட்சி என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு ஆளின் வாழ்க்கையைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. மகள் படிக்கப் போயிருந்த நேரத்தில், செண்பகனூர் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து ஞானவேலின் வாழ்க்கையை எழுதினார்கள். தங்கமுத்து படித்தது ஆறாம் வகுப்பு, அந்தக் கூட்டத்தில் அவன்தான் பெரிய படிப்பு, அதனால் பேனா அவன் கையில்.

"வக்கீலம்மா குடுத்த தாள்ல இங்கிலீஷ் தெரியுமான்னு ஒரு கேள்வி கெடக்குண்ணே."

"தெரியும்னு எழுது. 'பில்லர் ராக்ஸ் சார். ஃபைவ் மினிட்ஸ் சார். நோ பார்க்கிங் சார்.'"

"அதோட முடிஞ்சுது அவரு இங்கிலீஷ்," என்றது சண்முகசுந்தரி உள்ளிருந்து. "நாலாவதா ஒண்ணு கேட்டா ஹாரன் அடிப்பாரு."

எழுதிக் கொடுத்து, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட்டாயிற்று. கம்பெனி பதில் மனு போட்டது. அதோடு ஒரு கலர் படமும் சேர்த்திருந்தது. ஜெயப்பிரியா போனில் கூப்பிட்டது.

"அண்ணே, ஞானவேல் அண்ணன் வெறுங்கால்ல, கம்பு இல்லாம, பூட்ஸும் இல்லாம ஒரு கோயில் முன்னால ஜம்முனு நிக்கிறாரு. இது என்ன படம்? யாரு எடுத்தா?"

தங்கமுத்து, "தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டான்.

பொய். அது அவன் எடுத்த படம்.

நடந்தது இதுதான். கம்பெனி பணத்தை நிறுத்திய சில மாதத்தில் வெள்ளகவியில் சிவராத்திரி வந்தது. அந்த ஊர்ப் பொன்னுவேலும் அவர் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளனே செண்பகனூருக்கு வந்து நின்றார்கள். "எத்தன தடவ எங்களத் தூக்கிட்டுப் போனீங்க. ஒரு தடவ நாங்க தூக்குறோம். சாமி கும்பிட வாங்க." ஞானவேல் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். விடவில்லை. வட்டக்கானல் வரைக்கும் வண்டி, அங்கிருந்து டோலி. தங்கமுத்து பின்னாலேயே இறங்கினான்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். ஊர் முழுக்கக் கோயில், கோயிலுக்கு நடுவில் வீடு. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். டோலியை எல்லையில் இறக்கினார்கள். ஞானவேல் கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் வாரை அவிழ்த்தார், கம்பியோடு கழற்றி எல்லோருடைய செருப்புக்கும் பக்கத்தில் வைத்தார். கம்பின் அடியிலும் ரப்பர் இருக்கிறதே என்று அதையும் வைத்துவிட்டார். பொன்னுவேல் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம், முதுகுக்குப் பின்னால் அவர் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேராகக் கோயில் வாசல் வரைக்கும் நகர்ந்தார்கள். அங்கே நின்று ஞானவேல் கண்ணை மூடிக் கும்பிட்டார். தங்கமுத்து போனை எடுத்தான்.

ஸ்டாண்டில் அப்போது ஒரு பேச்சு இருந்தது. ஞானவேல் அவ்வளவுதான், இனி எழுந்திரிக்க மாட்டான் என்று. அந்தப் பேச்சின் வாயை அடைக்க வேண்டும் என்று தங்கமுத்துவுக்கு ஒரு வெறி. படத்தில் இடது ஓரம் பொன்னுவேலை வெட்டினான், வலது ஓரம் மச்சானை வெட்டினான். நடுவில் ஞானவேல் தனியாக நின்றார். "எங்க அண்ணன் எந்திரிச்சிட்டாரு" என்று எழுதி, ஞானவேல் இல்லாத அந்தக் குரூப்பில் போட்டான். முப்பது பேர் கைகூப்பினார்கள்.

அனுப்பினவனைத் தேடி ஆறு வருடம் முறைத்துக்கொண்டு திரிந்தானே, வெட்டினவன் யார் என்பதை முதல் மூன்று வாய்தா வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேர் பிடித்திருந்தார்கள் என்று ஞானவேல் சொன்னதற்கு, படத்தில் ஒருவரும் இல்லையே என்றது கம்பெனி. நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. ஜீப்பை விற்றார்கள். மகள் படிப்பை நிறுத்தித் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்றாள். அன்றைக்குத்தான் தங்கமுத்து ஞானவேல் வீட்டுக்குப் போய், உட்காராமலே சொன்னான்.

"அண்ணே, அந்தப் படம் நான் எடுத்தது. ரெண்டு பக்கமும் வெட்டுனதும் நான்தான்."

ஞானவேல் நிமிர்ந்தார். "ஏலே, பொன்னுவேலு அன்னிக்குப் புதுச்சட்ட போட்டுட்டு வந்தான்லே. அவனையா வெட்டுன?"

சண்முகசுந்தரிக்குத்தான் பொறுக்கவில்லை. "வெட்டுன துண்டு எங்க? அதச் சொல்லுங்க மொதல்ல. மூணு வருஷமா எங்க வயித்துல அடிச்சிக்கிட்டு, டீ குடிக்க மட்டும் வந்தீகளாக்கும்!"

தங்கமுத்து கையை விரித்தான். வெட்டினால் படம் போய்விடும், காகிதத்தைக் கத்தரிக்கிற மாதிரி என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஞானவேலின் மகள் அவனிடமிருந்து போனை வாங்கி, இரண்டு நிமிஷம் தேய்த்து, அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். முழுப்படமும் அதில் பத்திரமாக இருந்தது. புதுச்சட்டையோடு பொன்னுவேல், வாயைப் பிளந்தபடி மச்சான், இரண்டு பேர் கையும் ஞானவேலின் முதுகுக்குப் பின்னால்.

திண்டுக்கல்லில் அடுத்த வாய்தாவுக்கு எல்லோரும் போனார்கள். ஆணையம் என்பது தங்கமுத்து நினைத்த மாதிரி கூண்டு வைத்த கோர்ட் இல்லை. மேடை மேல் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். எல்லாமே பெரும்பாலும் காகிதத்தில்தான். ஆனால் தலைவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"இந்த ரெண்டு பேரும் இவ்வளவு நாளா எங்க இருந்தாங்க?"

தங்கமுத்து எழுந்தான். "நான் வெட்டிட்டேங்கய்யா."

"ஏன் வெட்டுனீங்க?"

"அண்ணன் தனியா நிக்கிற மாதிரி இருக்கட்டும்னுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல் இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். "பிடித்திருக்கட்டும் சார். ஆனால் டாக்டர் கட்டாயம் போடச் சொன்ன பூட்ஸைக் கழற்றிவிட்டு நிற்கிறார். அது இல்லாமல் நிற்க முடியாது என்று மனுவில் இருக்கிறது" என்றார்.

பொன்னுவேலை விசாரித்தார்கள். "எங்க ஊருக்குள்ள யாரும் போடமாட்டோம்ங்க. ஊரே கோயிலுங்க."

பெண் உறுப்பினருக்கு அது புதிதாக இருந்தது. முன்னால் சாய்ந்து கேட்டார். "வைத்தியத்துக்குப் போட்ட பூட்ஸையுமா கழட்டச் சொல்வீங்க?"

"ஐயோ, நாங்க சொல்லலைங்கம்மா. வேணாம் வேணாம்னோம். அவராக் கழட்டுனாரு."

இப்போது எல்லோரும் ஞானவேலைப் பார்த்தார்கள். அவர் கம்பை ஊன்றி எழப் பார்த்தார், உட்கார்ந்தே சொல்லச் சொன்னார்கள்.

"எனக்கு மட்டும் என்னங்கம்மா தனிச் சட்டம்?"

சண்முகசுந்தரி தன் மஞ்சப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வக்கீலம்மா கையில் திணித்தது. திருவிழாவுக்கு மூன்றாம் நாள் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு. தேதியோடு இருந்தது. அதுவும் மேடைக்குப் போனது.

கம்பெனி வக்கீல் விடவில்லை. இப்போதெல்லாம் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வந்துவிட்டது, இடது காலே வேண்டாம், இவர் ஓட்டலாமே என்றார். தலைவர் ஞானவேலிடமே கேட்டார். ஓட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று தங்கமுத்து கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஓட்டலாம்ங்கய்யா," என்றார் ஞானவேல்.

ஜெயப்பிரியா பேனாவை மூடிவிட்டது.

"ஓட்டலாம். ஆனா சவாரிக்காரங்க பெட்டியத் தூக்கி மேல ஏத்திக் கட்டுறது யாரு? வீலு பஞ்சரானா முட்டி போட்டுக் கழட்டுறது யாரு? ஏத்தத்துல வண்டி நின்னா எறங்கி ஓடிக் கட்ட வைக்கணும்ங்கய்யா. மலையில டிரைவர் சோலி பாதி வண்டிக்கு வெளியதாங்க. உள்ள உக்காந்து வளைக்கிறது மட்டும்னா இந்தக் காலே போதும்."

சவாரி வண்டி ஓட்டுகிற லைசென்ஸை இந்தக் காலை வைத்துக்கொண்டு புதுப்பிக்க முடியவில்லை என்பதற்கான காகிதத்தை ஜெயப்பிரியா அப்போதுதான் நிதானமாக எடுத்து நீட்டியது.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. பணம் கிடைக்கும் என்று தெரிந்ததும் சண்முகசுந்தரி எழுந்து டீ வாங்கப் போய்விட்டது. தங்கமுத்துவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எப்படி முடிவு செய்தார்கள் என்று தெரிய வேண்டும். வக்கீலம்மாவை விடாமல் கேட்டான். அது ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னது.

மெடிக்கல் போர்டு நாற்பத்தைந்து சதவீதம்தான் ஊனம் என்று எழுதியிருந்தது. பாதிகூட இல்லையே என்பது கம்பெனியின் வாதம். ஆணையம் என்ன சொன்னது என்றால், அது காலுக்குப் போட்ட கணக்கு, இந்த ஆளின் பிழைப்புக்கு எவ்வளவு மிச்சம் என்பது வேறு கணக்கு. எந்த வேலையும் என்றால் உலகத்தில் உள்ள எந்த வேலையும் இல்லை, அஞ்சாம் வகுப்புப் படித்து இருபத்தாறு வருடம் மலையில் வண்டி ஓட்டியவருக்கு நிஜமாகவே ஒருவன் கொடுக்கிற வேலை. டெலிபோன் வேலை, டிக்கெட் கவுண்டர் என்று பட்டியல் போட்டால் போதாது, அது இவருக்குக் கிடைக்கும் என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். பாலிசியில் ஒரு வரி இரண்டு விதமாகப் படிக்க வந்தால், அதை எழுதியவர்களுக்கு எதிராகத்தான் படிக்க வேண்டும்.

"படத்தப் பத்தி?" என்றான் தங்கமுத்து.

"படம் ஒரு நொடி, வேலைன்னா தெனமும் எட்டு மணி நேரம்னு போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் மூணு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சேத்துப் பாத்துருக்காங்க. இன்னொண்ணு கேளுங்கண்ணே. அவரு ஓட்டலாம்னு சொன்னாருல்ல? நான் அன்னிக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சேன். 'தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொன்னவர், ஆகவே மற்றதையும் நம்பலாம்'னு அதத்தான் பிடிச்சிருக்காங்க."

தங்கமுத்து அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு மலை ஏறினான். அவன் மறைத்தது கேசை மூன்று வருடம் சாய்த்து வைத்தது, அவர் மறைக்காதது நிமிர்த்தியது. இதைக் கண்டுபிடிக்கிற வித்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவனுக்கு இன்னும் ஆச்சரியம்.

ஆனால் ஞானவேல் சந்தோஷமாக இல்லை. தீர்ப்பில் ஒரு வரி அவரைக் குத்திவிட்டது. 'வாகனம் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவர்.'

"வேற ஒண்ணும் தெரியாதவன்னு எழுதிட்டாங்களாலே?"

"அப்படி எழுதுனாத்தான்ணே பணம்."

"அது சரி. மழைக்கு முன்னால எந்த வளைவுல மண்ணு எறங்கும்னு சொல்லுவேன். எஞ்சின் சத்தத்த வச்சே எவன் வண்டி வருதுன்னு சொல்லுவேன். அதெல்லாம் தொழில்ல சேராதா?"

"சேத்தா கம்பெனிக்காரன் அதுக்கு ஒரு வேலை கண்டுபிடிச்சிருவான். பேசாம இருங்க," என்றது சண்முகசுந்தரி.

கம்பெனி மதுரைக்கு அப்பீல் போனது. அங்கேயும் அவர்கள் வாதம் நிற்கவில்லை. பாக்கியும் வந்தது, மாதப் பணமும் வருகிறது. மகள் படிப்பை முடித்துவிட்டாள். வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் சீட்டோடு ஒரு ஃபாரம் அனுப்ப வேண்டும், அதைத் தங்கமுத்துதான் நிரப்புகிறான்.

போன மாதமும் அதற்காகத்தான் போயிருந்தான். ஞானவேல் வெயிலில் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் பக்கத்தில் கிடந்தது. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"முத்து, இன்னும் அவனத் தேடிக்கிட்டுத்தான் இருக்கியா?"

"எவன?"

"படத்த அனுப்புனவன."

தங்கமுத்து ஃபாரத்தை மடித்தான்.

"குரூப்புல இருக்கியா, வெளிய வந்துட்டியா?"

"இருக்கேன். அதுக்கப்புறம் ஒண்ணும் போடுறதில்ல."

"அந்த முழுப்படத்த ரெண்டு பிரிண்டு பெருசாப் போடு. வெள்ளகவிக்கு நீயே எறங்கிப் போயி ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு வா. வந்து குரூப்புலயும் போடு. எவன் அனுப்புனானோ அவனும் பாக்கட்டும்லே." பேனாவை நீட்டினார். "ஓரத்த வெட்டாத. கீழ என் பேரு வேணாம், அவுக ரெண்டு பேரு பேர எழுது."